ஈ-போட் கிட்: படகு அருமை, கூட வந்த துண்டுச்சீட்டு தண்டம்

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு போர்க்கப்பல் மாடல் வாங்குகிறவன் என்ன மாதிரி ஆள் என்று உங்களுக்குத் தோன்றலாம். கடலைப் பார்க்க வேண்டும் என்றால் நாங்கள் சென்னைக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். படகு என்று இந்தப் பக்கம் தெரிந்ததெல்லாம் ஒகேனக்கல் பரிசல், அப்புறம் கேஆர்பி டேமில் மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருப்பது, அவ்வளவுதான். நான் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து பிளாஸ்டிக் மாடல் ஒட்டுவது என் பொழுதுபோக்கு. இதுவரைக்கும் லாரியும் டாங்கும்தான் ஒட்டியிருக்கிறேன். படகு இதுதான் முதல் தடவை.

வாங்கியது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டார்பிடோ படகு, 72-க்கு 1 அளவு. டார்பிடோ என்றால் தண்ணீருக்குள் பாய்ந்து போய்க் கப்பலைத் தகர்க்கிற குண்டு. ஆன்லைனில் 3,850 ரூபாய். கம்பெனி பெயரையும் விற்றவர் பெயரையும் சொல்லப் போவதில்லை, சொன்னால் சண்டை வரும், எனக்கு இப்போது சண்டை போட நேரமில்லை. பெட்டியின் மேலே கொட்டை எழுத்தில் ‘ஜெர்மன் ஈ-போட்’ என்று போட்டிருந்தது. எட்டாவது படிக்கிற என் பெண் பெட்டியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “அப்பா, ஈ-ன்னா ஈயா? ஈ மொய்க்கிற படகா?” மாம்பழ சீசன், வீடு முழுக்க ஈ, அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது கேள்வி, “எலெக்ட்ரிக்கா?” அதுவும் நியாயம்தான். போச்சம்பள்ளிப் பக்கமும் ஓசூர்ப் பக்கமும் மின்சார ஸ்கூட்டர் ஃபேக்டரி வந்ததிலிருந்து எங்கள் ஜில்லாவில் எதற்கு முன்னால் அந்த எழுத்து வந்தாலும் கரண்ட் என்றுதான் அர்த்தம்.

சிரித்துவிட்டு உள்ளே இருந்த துண்டுச்சீட்டைப் பிரித்தால், அதிலும் அப்படியேதான் அச்சடித்திருக்கிறான். இந்தப் படகு பேட்டரியில் சத்தமில்லாமல் ஓடியதாம், அதனால்தான் ‘எலெக்ட்ரிக் போட்’ என்று பெயராம். எட்டாவது படிக்கிற பிள்ளை ஊகமாகச் சொன்னதை 3,850 ரூபாய் வாங்குகிற கம்பெனி வரலாறு என்று போடுகிறது. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான். ஆனாலும் முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவர்களுக்கு அதுதான் வேண்டும்.

பெட்டி ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. உள்ளே படகின் உடம்பு இரண்டு பாதி, இடது ஒன்று வலது ஒன்று. நிஜப் படகு ஏறத்தாழ 35 மீட்டர், அதனால் இது 48 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. டிவி ஸ்டாண்டில் வைத்தால் ரிமோட் வைக்க இடம் இருக்காது, முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தோடு நன்றாகத்தான் வார்த்திருக்கிறான், பிசிறு குறைவு, முன்னால் 20 மில்லிமீட்டர் துப்பாக்கி உட்காருகிற பள்ளம்கூடத் தெளிவாக இருக்கிறது. கொடிக்கம்பம் மட்டும் மூன்றாக உடைந்து கிடந்தது. அடிப்பாகத்தில் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு நூல் இடைவெளி நிற்கிறது. பெயிண்ட் கடையில் கிடைக்கிற பட்டியைத் தீக்குச்சியால் தடவி, காய்ந்த பிறகு நனைத்த உப்புத்தாளால் தேய்த்தேன், சரியாகிவிட்டது. இன்ஸ்டன்ட் பசை மட்டும் போடாதீர்கள், கண்ணாடிப் பாகத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். பிளாஸ்டிக் சிமென்ட் வாங்கிக்கொள்ளுங்கள், பெங்களூரிலிருந்து வரவழைத்தாலும் பரவாயில்லை.

இப்போது அந்த ‘ஈ’ விஷயம்.

ஜெர்மன்காரன் இந்தப் படகை ஒருநாளும் ஈ-போட் என்று சொன்னதில்லை. அவன் வைத்த பெயர் ஷ்னெல்போட், அதாவது வேகப் படகு, சுருக்கமாக எஸ்-போட். அதனால்தான் ஒவ்வொரு படகுக்கும் எஸ்-38, எஸ்-100, எஸ்-130 என்று நம்பர். ஈ-போட் என்பது எதிர்க்கரையில் நின்று இதைப் பார்த்த பிரிட்டிஷ்காரன் வைத்த பெயர். ‘எனிமி’ என்பதன் முதல் எழுத்துதான் அந்த ஈ, எதிரிப் படகு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இதையே சொல்கிறது. வேகம் என்ற பொருள் வருகிற வேறொரு ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் ஜெர்மன்காரனே அந்தச் சொல்லால் இதைக் கூப்பிடவில்லையே! எனக்கு எதிரிக் கணக்குதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் பிரிட்டிஷ்காரர்கள் இந்தப் பெயரை ஒரே ஒரு வகைப் படகுக்கு என்று வைத்துக்கொள்ளவும் இல்லை. ராத்திரி இருட்டில் வேகமாக எது வந்தாலும், துப்பாக்கி கட்டிய சின்ன மோட்டார் படகிலிருந்து பெரிய டார்பிடோ கப்பல் வரைக்கும், ஈ-போட்தான். இருட்டில் பாய்ந்து வருகிறவனிடம் நீ என்ன மாடல் என்று யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? இங்கிலாந்தின் கிழக்குக் கரையை ஒட்டிச் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகிற பாதைக்கு ‘ஈ-போட் சந்து’ என்றே பெயர் வந்துவிட்டது. மிதவைகள் பக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு இருட்டில் பதுங்கிக் கிடந்து, கப்பல் கிட்டே வந்ததும் டார்பிடோவை விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

துண்டுச்சீட்டு எழுதியவர் எங்கே வழுக்கினார் என்றும் ஊகிக்க முடிகிறது. போரின் கடைசியில் ஜெர்மன்காரர்கள் 21-ஆம் வகை நீர்மூழ்கி ஒன்று கட்டினார்கள், அதைத்தான் பெரிய பேட்டரி வைத்ததால் எலெக்ட்ரோபோட் என்று சொன்னார்கள். அது கடலுக்கு அடியில் போவது, இது கடலுக்கு மேலே பறப்பது. இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்.

எங்கள் கடைக்கு வருகிற மெக்கானிக் அண்ணனிடம் இந்த பேட்டரிக் கதையைச் சொன்னேன். துண்டுச்சீட்டில் இருந்த என்ஜின் விவரத்தையும் படித்துக் காட்டினேன், அது மட்டும் சரியாக இருந்தது. மூன்று டைம்லர்-பென்ஸ் டீசல் என்ஜின், ஒவ்வொன்றும் வி வடிவத்தில் 20 சிலிண்டர். முதலில் வந்தது 2,000 குதிரைத்திறன், சூப்பர்சார்ஜர் போட்டுப் பிறகு வந்தது 2,500. அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“இருபதா? ஆறு சிலிண்டருக்கே டேப்பட் வைக்க நமக்கு அரை நாள் போவுது தம்பி.”

“மூணு என்ஜின்ணே. மொத்தம் அறுபது.”

“அப்ப இதுல பேட்டரி ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டும்தான் இருந்திருக்கும்.”

அந்த ஒரு வாக்கியத்தை அவரே துண்டுச்சீட்டில் எழுதியிருக்கலாம். மூன்று என்ஜினையும் கூட்டினால் 7,500 குதிரைத்திறன், நம் நேஷனல் ஹைவேயில் போகிற சாதாரண லாரி நாற்பதைச் சேர்த்துக் கட்டி இழுக்கிற மாதிரி. வேகம் ஏறத்தாழ 40 நாட் (கப்பல் வேகத்தை அளக்கிற கணக்கு), அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர். ஓசூர் ரோட்டில் லோடு இல்லாத வண்டி போகிற வேகம், ஆனால் இது அலைக்கு மேலே, நூறு டன் எடையோடு.

டீசல் என்பதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, லாரிக்காரனுக்குச் சொல்லாமலே புரியும். பிரிட்டிஷ்காரர்களின் எம்டிபி, அமெரிக்கர்களின் பிடி என்று எதிரிகளின் டார்பிடோ படகுகள் எல்லாம் பெட்ரோல். டாங்கில் ஒரு குண்டு பட்டால் பற்றிக்கொள்ளும். ஜெர்மன்காரர்களும் முதல் சில படகுகளைப் பெட்ரோலில்தான் ஓட்டினார்கள், பிறகுதான் டீசலுக்கு மாறினார்கள். உடம்பும் வேறு மாதிரி. அலுமினியக் கலப்பு உலோகச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அடி உருண்டை. எதிரிகளின் படகு தண்ணீர் மேல் தட்டித் தட்டி எழும்பும், இது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், அதனால் கடல் கொந்தளிக்கும்போதும் இது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இந்த உடம்பு யாருடைய புண்ணியம் தெரியுமா? ஜெர்மனியில் லூர்சன் என்கிற படகுப் பட்டறை 1927-இல் ஓட்டோ ஹெர்மன் கான் என்ற அமெரிக்கப் பணக்காரருக்கு ஓர் உல்லாசப் படகு கட்டிக்கொடுத்தது. பெயர் ஓஹெகா 2, அவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஓஹெகா. 34 நாட் வேகம். அதைப் பார்த்துத்தான் ஜெர்மன் கடற்படை தனக்கும் ஒன்று கேட்டது. அந்தக் கான், ஜெர்மனியில் பிறந்த யூதர். அவர் உல்லாசத்துக்குக் கட்டின படகின் வாரிசுதான் பிறகு ஹிட்லரின் கடற்படையில் டார்பிடோ சுமந்தது, இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் உலகப் போரில் தோற்றதால் ஜெர்மனி எதைக் கட்டினாலும் கண்காணிப்பு. அதனால் 1930-இல் வந்த முதல் படகுக்கு நீர்மூழ்கி வேட்டைப் படகு மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள், அடுத்த வருஷம் காவல் படகு என்று மாற்றினார்கள், 1932-இல்தான் எஸ்-1 ஆனது. ஒரே படகுக்குச் சொந்த வீட்டிலேயே மூன்று பெயர், எதிர்வீட்டுக்காரன் வைத்தது நாலாவது.

மாடலுக்கு வருகிறேன். பின்பக்கம் மூன்று சுக்கான் இருக்கிறது, நடுவில் பெரியது, இரண்டு பக்கமும் சின்னது. அசெம்பிளி தாளில் மூன்றையும் நேராக ஒட்டச் சொல்லியிருக்கிறான். அங்கேதான் இந்தப் படகின் சூட்சுமமே இருக்கிறது. வேகமாகப் போகும்போது அந்த இரண்டு சின்ன சுக்கானையும் வெளிப்பக்கமாக 30 டிகிரி வரை திருப்பி வைப்பார்கள். அப்போது ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் காற்றுப் பை மாதிரி ஒன்று உண்டாகும், படகின் பின்பகுதி தண்ணீரில் அமுங்காமல் சமமாக நிற்கும், பின்னால் எழும்புகிற அலையும் குறையும், அதே என்ஜினில் வேகம் கூடும். இதற்கு லூர்சன் விளைவு என்றே பெயர். நான் என் பெண்ணின் காம்பஸ் பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து, 30 டிகிரி பார்த்து, ஒரு சுக்கானை ஒட்டிவிட்டு அது காயும் வரை சட்டைப் பட்டன் ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்தேன். இரண்டாவதை அவள் ஒட்டினாள், என்னுடையதைவிட நேர்த்தியாக வந்திருக்கிறது. நீங்கள் வாங்கினால் தாளில் சுக்கான் ஒட்டச் சொல்கிற அந்த எட்டாவது கட்டத்தை மட்டும் தாளைப் பார்க்காமல் செய்யுங்கள்.

மாலுமி நிற்கிற மேடை, குண்டு துளைக்காத தகடு போட்ட கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும், அதற்கு ஜெர்மன்காரர்கள் கலோட்டே என்று பெயர் வைத்திருந்தார்கள், மண்டையில் போடுகிற குல்லா என்று அர்த்தம். வார்ப்பில் இதுதான் மொத்தக் கிட்டிலும் அழகான பாகம், பார்வைத் துவாரங்கள்கூடச் சரியாக இருக்கின்றன. கலர் விஷயத்தில் பெட்டியில் இருக்கிற படத்தை நம்ப வேண்டாம், அதில் கரும் சாம்பல் அடித்திருக்கிறான். இந்தப் படகுகளுக்கு வெள்ளைக்குப் பக்கமான வெளிர் சாம்பல்தான், கடலில் ராத்திரி கறுப்பைவிட அதுதான் கண்ணுக்குத் தப்பும். வெள்ளை எனாமல் சின்ன டப்பாவில் கறுப்பு நாலு சொட்டு விட்டுக் கலக்கிக்கொண்டேன்.

தண்ணீரில் விடலாமா என்று கேட்பீர்கள். இது ஓடுகிற மாடல் இல்லை. ஆனாலும் என் பெண் விடவில்லை, மாடியில் இருக்கிற சிமென்ட் தொட்டியில் போட்டோம், போட்டவுடன் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. மேல்தட்டை ஒட்டுவதற்கு முன்னாலேயே அடியில் எடை வைத்திருக்க வேண்டும். அப்புறம் தட்டைக் கழற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த எட்டு மில்லிமீட்டர் நட்டுகளை வரிசையாக நடுக்கோட்டில் பசை போட்டு ஒட்டினேன், இருபத்திரண்டு நட்டில் நிமிர்ந்தது. நிமிர்ந்து அது நின்ற நிலை, மூக்கு கொஞ்சம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து, அதைப் பார்க்க 3,850 தாராளமாகக் கொடுக்கலாம்.

தர்மபுரியிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அவரிடமும் பெண் தன் கேள்வியைப் போட்டாள். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், “ஈ-ன்னா எம்டன் கண்ணு, வேற என்ன?” என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் எனக்கே தோன்றியது, கிழவர் முழுசாகத் தப்பாகச் சொல்லவில்லை. எம்டன் என்பது ஜெர்மனியில் ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயர் வைத்த கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. நவம்பரில் கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை ஒழித்துவிட்டது, ஆனால் தமிழில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடங்காத, தந்திரக்கார ஆளைப் பார்த்து “அவன் சரியான எம்டன்பா” என்கிறோம். எம்டன் ஊர்க்காரன் யாராவது இதைக் கேட்டால் என்ன நினைப்பான்? நாம் வாங்கிய அடிக்கு நாம் வைத்த அர்த்தம் அது. ஈ-போட்டும் அதே மாதிரிதான். அந்தப் பெயரில் படகின் என்ஜினும் இல்லை, வேகமும் இல்லை, எதிர்க்கரையில் கண் விழித்துக் கிடந்தவனின் பயம்தான் இருக்கிறது.

பயப்படக் காரணமும் இருந்தது. துண்டுச்சீட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. 1944 ஏப்ரல் 28 அதிகாலை, ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருந்த பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு அமெரிக்கர்கள் இங்கிலாந்தின் தென்கரையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸின் ஷெர்பூர் துறைமுகத்திலிருந்து கிளம்பின ஒன்பது எஸ்-போட்டுகள் இருட்டில் அந்தக் கப்பல் வரிசைக்குள் புகுந்துவிட்டன. வீரர்களையும் வண்டிகளையும் ஏற்றி வந்த இரண்டு கப்பல்கள் மூழ்கின, இன்னொன்று டார்பிடோ பட்டும் எப்படியோ கரை சேர்ந்தது. செத்தவர்கள் 700-க்கும் மேல். எல்லாரிடமும் மிதவை பெல்ட் இருந்தது, ஆனால் அதை அக்குளுக்குக் கீழே கட்ட வேண்டும் என்று பலருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தவர்கள் முதுகுச் சுமையோடு தலைகீழாகக் கவிழ்ந்து மூழ்கினார்கள். நார்மண்டி இறங்குதல் முடியும் வரை விஷயத்தை வெளியே விடவில்லை. அன்றைக்குப் போன ஒன்பதில் எஸ்-130-உம் ஒன்று, இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே எஸ்-போட் அதுதான். போர் முடிந்ததும் அதைப் பிரிட்டிஷ்காரர்களே எடுத்துக்கொண்டு, ஜெர்மன் ஆட்களையே ஓட்டவைத்து, பால்டிக் கடலோரம் சோவியத் பக்கத்தில் உளவாளிகளை இறக்கிவிடப் பயன்படுத்தினார்கள். அப்போது அதை ஈ-போட் என்று கூப்பிட்டால் எப்படி இருந்திருக்கும்!

விற்றவருக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதி அனுப்பினேன், கொடிக்கம்பம் உடைந்ததையும் சேர்த்துத்தான். மரியாதையாகத்தான் பதில் வந்தது, வருந்துகிறோம், மாற்றுப் பொருள் அனுப்புகிறோம் என்று. ஒன்பது நாள் கழித்து ஒரு கவர் வந்தது. பிரித்தால் உள்ளே அதே துண்டுச்சீட்டு, புத்தம் புதிதாக, அதே எலெக்ட்ரிக். கொடிக்கம்பம் இல்லை.

மார்க் போடச் சொன்னால் படகுக்கு ஐந்துக்கு நாலு, சுக்கான் படத்துக்காக ஒன்று கழித்துவிட்டேன். துண்டுச்சீட்டுக்கு ஒன்றுகூடக் கிடையாது. முதல் தடவை ஒட்டுகிறவர்கள் இதில் ஆரம்பிக்க வேண்டாம், துப்பாக்கிப் பாகங்கள் அரிசி அளவில் இருக்கின்றன, மொசைக் தரையில் விழுந்தால் போச்சு. இரண்டு மூன்று மாடல் ஒட்டின கை என்றால் தைரியமாக வாங்கலாம், மழைக்காலத்தில் மட்டும் பெயிண்ட் காய இரண்டு மடங்கு நாள் விடுங்கள். கொடிக்கம்பம் உங்களுக்கும் உடைந்து வந்தால் கவலை வேண்டாம், விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நுனிப்பக்கமாக ஏழு சென்டிமீட்டர் நறுக்கி, அதே சாம்பல் பெயிண்டை அடித்துவிடுங்கள், என்னுடையதில் அதுதான் நிற்கிறது.